சுவரில் ஏறும் விரல்கள்

வலித்தால் ஓய்வு கொடு என்பது நம் வீட்டு வைத்தியம். தோள்பட்டையில் வரும் ஒரு வலிக்கு மட்டும் அது பலிப்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துச் சுருங்கிவிடுகிறது; அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகுகிறது. பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன் 1934-இல் தோளைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதி, இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர் சூட்டினார். ஜப்பானியர் 'ஐம்பது வயதுத் தோள்' என்கிறார்கள். என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களோ என்னவோ! சர்க்கரை வியாதிக்காரர்களை இது அதிகம் பிடிக்குமாம். அந்தப் பொருத்தமும் இருந்தது.

மேஜைமேல் பேனா ஓடும்; ஆனால் சட்டைக்குள் கை நுழையாது. மனைவி தலை வாரிவிட்டாள். கதாநாயகர்களை மலையேற்றுகிறவனுக்கு இந்தக் கதி!

சிகிச்சைக்கு வந்த பெண் மருந்துப் புட்டி எதுவும் கொண்டுவரவில்லை. மேஜையைப் பிடித்துக் குனிந்து, நோகும் கையைத் தாம்புக்கயிறு போலத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள். இதுவும் காட்மன் வகுத்ததுதான். பிறகு விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் பென்சில் கோடு. நேற்றைய கோட்டை அரை அங்குலம் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

"கொஞ்சம் நோகலாம் ஸார். ராத்திரி வரைக்கும் நோகக் கூடாது" என்பாள்.

இது முழுதும் விட ஒன்று முதல் மூன்று வருஷம்கூட ஆகலாம். எனக்குச் சட்டை வசப்பட்டுவிட்டது. அலமாரியின் மேல்தட்டு மட்டும் பாக்கி. என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி அங்கே இருக்கிறது. யாரையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை.