ஜோ லூயிஸுக்கு வயது 137

1988-ல் வெளிவந்த ‘கமிங் டு அமெரிக்கா’ படத்தில் ஒரு சலூன் வருகிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள சாதாரணக் கடை. முடிவெட்டுகிறவர்களும், வேலை எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் கிழவர்களும், உலகின் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் யார் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரக் கிழவரின் கட்சி ராக்கி மார்சியானோ. ஜோ லூயிஸையே அடித்து வீழ்த்தியவர் ஆயிற்றே! கறுப்பினக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. லூயிஸ் அப்போது கிழவர் என்கிறார். எழுபதுகளில் தொடங்கும் லூயிஸின் வயது பேச்சின் சூட்டில் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 137-ல் வந்து நிற்கிறது. கடைக்காரர், வெள்ளைக்காரர் இரண்டுமே எடி மர்ஃபி போட்ட வேஷம். தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையில் அன்று லூயிஸுக்கு வயது 37. குத்துச்சண்டைக் கணக்கில் அது 137-லிருந்து அதிக தூரம் இல்லை. 1937 முதல் 1949 வரை பட்டத்தைக் கையில் வைத்திருந்து 25 முறை அதைக் காப்பாற்றியவர் அவர். போர்க்காலத்தில் இரண்டு சண்டைகளின் வருமானத்தை ராணுவ, கடற்படை நிவாரண நிதிகளுக்குத் தூக்கிக் கொடுத்தார். பின்னால் வரிக் கடன் கழுத்தை நெரித்தது. ஓய்வு பெற்றுவிட்ட மனிதர் மறுபடி கையுறை மாட்டியது புகழுக்காக அல்ல, கடனுக்காக. 1951 அக்டோபர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், எட்டாவது சுற்றில், 28 வயது மார்சியானோ அவரைக் கயிறுகளுக்கு வெளியே விழ வைத்தார். பிறகு ஜெயித்தவர் அழுதார்.

மார்சியானோ ரசிகர்கள் அந்தக் கண்ணீரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்கு ஒரே எண் போதும்: 49. நாற்பத்தொன்பது சண்டை, நாற்பத்தொன்பது வெற்றி, அதில் 43 நாக்-அவுட். 1956-ல் தோல்வியே காணாமல் விலகிக்கொண்டார். எதிர்க் கட்சிக்காரர்கள் உடனே ஜாதகத்தை எடுப்பார்கள். அவரிடம் பட்டத்தை இழந்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. கடைசியாக மோதிய ஆர்ச்சி மூருக்கு, அவரே சொன்னபடி 38, அவர் அம்மா சொன்னபடி 41. (பெற்றவள் சொல்வதை நம்புவதா, பிள்ளை சொல்வதை நம்புவதா என்று இதற்கே ஒரு தனி விவாதம் உண்டு.)

ஹெவிவெயிட்டில் மகத்துவம் அடைய ஒரே வழிதான் இருக்கிறது: முந்தைய மகானை அடிக்க வேண்டும். ஆனால் அடிக்கக் கிடைக்கும்போது அவர் கிழவராகியிருப்பார். அடித்தால் ‘வயதானவரை அடித்தான்’ என்பார்கள். அடிக்காவிட்டால் ‘யாரை அடித்தான்?’ என்பார்கள். ரசிகர்கள் நூறு ஆண்டுகளாக விவாதித்துக்கொண்டிருப்பது எந்தச் சண்டையைக் கணக்கில் சேர்ப்பது என்பதையல்ல, எதைச் சேர்க்கக் கூடாது என்பதைத்தான்.

இந்தக் கழித்தல் வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1908-ல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதும், பண்ணையில் பருத்துப்போயிருந்த முன்னாள் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸை இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். ஜான்சன் ஜெயித்தார். ஜெஃப்ரீஸ் பழைய ஜெஃப்ரீஸாக இருந்திருந்தால் நடந்திருக்காது என்றார்கள். அன்று இரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. ‘யார் பெரியவர்’ என்ற கேள்வி அங்கே ஒருபோதும் வெறும் சலூன் பேச்சாக இருந்ததில்லை.

மனிதர்களால் தீர்க்க முடியாததைக் கம்ப்யூட்டர் தீர்க்கட்டும் என்று கிளம்பினார் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வோரோனர். 1967-ல் எல்லாக் காலத்து சாம்பியன்களுக்கும் ஒரு கற்பனைப் போட்டி வைத்து, வானொலியில் நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பினார். ஜெஃப்ரீஸிடம் முகமது அலி தோற்றார். இறுதியில் மார்சியானோ ஜெயித்தார். ராணுவத்தில் சேர மறுத்ததால் நிஜப் பட்டம் பறிக்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அலி, கற்பனையிலும் தோற்கடிக்கிறீர்களா என்று பத்து லட்சம் டாலர் மானநஷ்ட வழக்குப் போட்டார். சமரசமாக வந்ததுதான் அந்த விநோதப் படம். 1969-ல் மயாமியில் 27 வயது அலியும், தொப்பையைக் கரைத்துத் தலையில் விக் வைத்துக்கொண்ட 45 வயது மார்சியானோவும் ஒரு நிமிடச் சுற்றுகளாக டஜன் கணக்கில் ‘நடித்தார்கள்’. முடிவுகள் பலவிதமாக எடுக்கப்பட்டன. சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் மார்சியானோ இறந்துபோனார். 1970 ஜனவரியில் திரைக்கு வந்த படத்தின் முடிவை அவர் பார்க்கவே இல்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் 13-வது சுற்றில் அவர் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவிலோ அலி ஜெயிக்கிற மாதிரியும் ஒரு பிரதி காட்டப்பட்டது. ஆக, கம்ப்யூட்டருக்கும் கட்சி உண்டு.

அலி ரசிகர்களின் கழித்தல் இன்னும் சோகமானது. 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை, 25 வயதிலிருந்து 28 வயது வரை, அவர் வளையத்துக்குள் கால் வைக்கவில்லை. அவருடைய கால்கள் மிக வேகமாக இருந்திருக்க வேண்டிய ஆண்டுகள். நடக்காத அந்தச் சண்டைகளில்தான் அவர் ஈடு இணையற்றவர் என்பார்கள். நடந்தவற்றை வைத்தும் முடிவு கட்ட முடியாது. 1971-ல் அலியை ஜோ ஃப்ரேஸியர் தோற்கடித்தார். 1973-ல் அதே ஃப்ரேஸியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு சுற்றுகளில் ஆறு முறை தரையில் தள்ளினார். 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மனை அலி எட்டாவது சுற்றில் முடித்தார். அந்த ஃபோர்மனோ 1994-ல், 45 வயதில், மறுபடி பட்டம் வென்று வயதுக் கணக்குப் பார்ப்பவர்களின் வாயை அடைத்தார்.

எடை, உயரம் என்று இறங்கினால் விவாதம் சப்பென்று ஆகிவிடும். 84 கிலோ மார்சியானோ இன்றிருந்தால் ஹெவிவெயிட் ஆகியிருக்க வேண்டியதே இல்லை. ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃப்யூரிக்கு முன் அவரை நிறுத்திப் பார்ப்பதில் யாருக்கும் சந்தோஷம் கிடையாது.

இந்தக் கணக்கில் அதிகம் ஏமாந்தவர் லாரி ஹோம்ஸ். அலியின் பயிற்சித் துணையாக இருந்தவர். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில், 39-ஐ நெருங்கிக்கொண்டிருந்த அலியை அவர் பத்துச் சுற்றுகள் அடித்தார். அடிக்க மனசில்லாமல் அடித்தார். அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். ஹோம்ஸும் அழுதார். அந்த வெற்றிக்கு எந்த ரசிகரும் அவருக்கு மதிப்பெண் தந்ததில்லை. 48 வெற்றிகளோடு மார்சியானோவின் எண்ணைத் தொட ஒன்றே பாக்கி இருந்தபோது, 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். வெறுப்பில் மார்சியானோவைப் பற்றிக் கொச்சையாக ஒன்றைச் சொல்லி, பிறகு மன்னிப்பும் கேட்டார். 1988-ல், 38 வயதில், 21 வயது மைக் டைசன் அவரை நான்காவது சுற்றில் வீழ்த்தினார். இப்போது ஹோம்ஸ் ரசிகர்களின் முறை: அவருக்கு வயதாகிவிட்டது.

அலியின் உடல் மட்டும் எதையும் கழிக்கவில்லை. ஃப்ரேஸியரின் குத்துகள், மணிலாவின் பதினான்கு சுற்றுகள், ஹோம்ஸின் இரவு எல்லாம் அதில் பதிவாகி இருந்தன. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றதோடு ஓய்ந்தார். அங்கே சுற்று ஆரம்பிக்க ஒழுங்கான மணிகூட இல்லை. மாட்டு மணியை அடித்தார்கள். 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 2016 ஜூன் 3 வரை அதோடு வாழ்ந்தார்.

ஹோம்ஸ் சண்டைக்குச் சில மாதங்கள் முன்பு, 1980-ன் தொடக்கத்தில், அலி சென்னைக்கு வந்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிச் சண்டை. எல்லிஸும் முன்னாள் சாம்பியன். இருவருக்கும் ஒரே ஊர், லூயிவில். பதிவேடுகளில் அதற்கு வெற்றி தோல்வி கிடையாது. நாற்பதை நெருங்கிய, உடம்பு பெருத்த இரண்டு பழைய சிநேகிதர்களின் விளையாட்டு. ஆனால் அன்று காலரியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அலிக்கு அப்போது வயதாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.