கழுத்து வலித்தால் நல்லது

ஜூடோவில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாள் பெரிதாக ஒன்றும் வலிக்காது. வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போகும். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கும்போதுதான் விஷயம் தெரியும். கழுத்தின் முன்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். சிரித்தால் வயிறு இழுக்கும். சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் தோள் கனக்கும். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடும். பிள்ளையை யாரோ தூக்கிப் போட்டு அடித்துவிட்டார்கள் என்று வீட்டில் பாட்டி தீர்ப்பே எழுதிவிடுவார்.

ஒழுங்கான வகுப்பென்றால், ஆரம்ப வாரங்களில் பிள்ளையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. தானாக விழுந்து வாங்கிய வலி அது.

ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான். ‘உகேமி’ என்பார்கள். பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, முன்னால் விழுவது, உருண்டு எழுவது என்று அதில் வகைகள் உண்டு. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, பிறகு குந்தியபடி, கடைசியில்தான் நின்றபடி. குந்தியிருக்கும் பிள்ளை கைகளை மார்புக்கு முன் குறுக்காக நீட்டும். முதுகை வளைத்துப் பின்னால் சாயும். தோள்பட்டை பாயைத் தொடும் நேரத்தில் இரு கைகளும் உள்ளங்கை கீழாகப் பாயை அறைய வேண்டும். கை உடம்பை விட்டு 45 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. பார்வை தன் பெல்ட் முடிச்சின் மேலேயே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தாடை தானாக மார்பை நோக்கி மடங்கும், தலையும் பாயில் படாது. சரியாக விழுந்தால் ‘பட்’டென்று ஒரே சத்தம். தலை பட்டால் கூடவே ‘டொக்’கென்று இன்னொன்று கேட்கும். கூடத்தின் மறுகோடியில் நிற்கும் மாஸ்டருக்கு இந்த இரண்டாவது சத்தம் தவறாமல் காதில் விழும்.

கழுத்து வலிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, கழுத்துத் தசையோ வலுவில்லாதது. உடம்பு பாயில் மோதி நின்ற பிறகும் தலை பின்னால் போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துபவை, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை இறங்கும் தசைகள். பிள்ளை அதுவரை அவற்றுக்கு இப்படியொரு வேலை கொடுத்ததே இல்லை. அதனால் மறுநாள் கழுத்தின் முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால், தலை காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

தசை சுருங்கிக்கொண்டே பாரம் தூக்குவதைவிட, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். பழனி மலைப் படி ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கிய மறுநாள்தான் தொடை வலிக்கும். விழும்போது கழுத்தும் வயிறும் செய்வது அந்த இறங்கும் வேலைதான். இந்த வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்துவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிறது என்று ஜிம்களில் இன்னும் சொல்கிறார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். மறுநாள் வலியை அதன் கணக்கில் எழுத முடியாது. ஒருமுறை வலித்த தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. அதனால் முதல் வாரத்து வலிக்குப் பயந்து லீவு போட வேண்டியதில்லை.

“மாஸ்டர், புள்ளைக்கு உடம்பெல்லாம் வலியாம். இன்னைக்கு வரல” என்று போன் வரும்.

“எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டச் சொல்லுங்கம்மா.”

அனுபவமுள்ள மாஸ்டர் அடுத்துக் கேட்பது, எப்படித் தொட்டுக் காட்டுகிறது என்பதை. உள்ளங்கையால் பரவலாகத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசை வலி. ஒற்றை விரலை ஒரே இடத்தில் வைத்தால், அதுவும் மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு என்று மூட்டோ எலும்போ இருக்கும் இடமாக இருந்தால், வகுப்பை மறந்துவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்வார். பிள்ளைகளின் எலும்பு முனையில் வளரும் பகுதி மென்மையானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைக்கு அந்த இடத்தைப் பாதிக்கலாம். விழும்போது பயந்து கையை ஊன்றும் பிள்ளைகளிடம்தான் இது அதிகம்.

தலைவலி வேறு கணக்கு.

ஜூடோ பிறந்த ஜப்பானே இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்துத் தொடங்கிய கலை, பின்னாளில் பள்ளிகளுக்குள்ளும் போனது. 1983-க்குப் பிந்தைய 30 ஆண்டுகளுக்குள் பள்ளி ஜூடோவில் மட்டும் 110 பேருக்கு மேல் இறந்திருந்ததைச் சமூகவியலாளர் உச்சிதா ரியோ தொகுத்துக் காட்டினார். பெரும்பாலானவை தலைக்காயங்கள். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்களே அதிகம் பலியானார்கள். தலை தரையில் மோதாமலேகூட, வேகமாகச் சுழன்று நிற்கும்போது மூளையின் மேற்பரப்பிலுள்ள சிரைகள் கிழியலாம். இறந்தவர்களில் சிலர் அதற்கு முன்பே தலை வலிக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஜப்பானில் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் 2012-இல் கட்டாயப் பாடமானபோது, இந்த எண்ணிக்கைதான் பெற்றோரைப் பேச வைத்தது. 2022-இல் அகில ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியையே நிறுத்தியது. ஜெயிப்பதே குறியாகப் பிள்ளைகள் விரட்டப்படுகிறார்கள் என்பது அது சொன்ன காரணம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. தசை வலிக்கு வெந்நீர்க் குளியல், நல்ல தூக்கம், கொஞ்சம் ஓடியாடி விளையாடுவது போதும். வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் பிள்ளையின் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க விடவே வேண்டாம். வலி மாத்திரை கொடுத்து வகுப்புக்கு அனுப்பினால், பயிற்சியை நிறுத்தச் சொல்லும் வலியும் சேர்ந்து மறைந்துவிடும். விழுந்த பிறகு தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல் என்று எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதுப் பிள்ளைகள் சலிக்கச் சலிக்க விழுந்து எழுந்துகொண்டிருந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம். விழத் தெரியாத பிள்ளையை முதல் வாரமே இன்னொரு பிள்ளையோடு மோத விட்டுக் கைதட்டும் இடமாக இருந்தால், வேறு வகுப்பு தேடுங்கள்.