பகுத்துண்ணும் அறிவு

பனிப்போர்க் காலமான 1985இல் ரேகனும் கோர்பச்சேவும் செனீவாவில் சந்தித்தனர். படைக்கலன்களில் முரண்பட்ட அவ்விருவரும், கதிரவனில் நிகழும் அணுப்பிணைவிலிருந்து மின்னாற்றல் பெறும் ஆய்வில் உலகம் கைகோக்க வேண்டுமென்பதில் ஒன்றுபட்டனர். அவ்வித்தே ‘ஐட்டர்’ திட்டமாயிற்று. 2006இல் ஐரோப்பாவும் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளும் ஒப்பமிட்டன. தென் பிரான்சில் உலை எழுகிறது.

என்னைக் கவர்ந்தது அதன் பங்கீட்டு முறையே. நாடுகள் பெரும்பாலும் பணத்தைத் தருவதில்லை. பாகங்களைச் செய்து தருகின்றன. உலையைச் சூழும் 3,850 டன் எஃகுக் கலத்தின் பகுதிகள் குசராத்தின் ஹசீராவில் உருவாயின.

பலர் கைபட்டதால் பணி தாழ்கிறது என்பர். உண்மைதான், 2025இல் தொடங்கவிருந்த இயக்கம் 2034க்குத் தள்ளிப்போயிற்று. எனினும், ஒருவரே செய்திருப்பின் கற்றவரும் ஒருவரே ஆவார். அனைவரும் கற்பதற்குத் தரும் விலை இத்தாமதம். அது மிகையன்று என்பேன்.

மாணவச் செல்வங்களே! உணவைப் பகுத்துண்பது அறமெனக் கற்றோம். இறைவன் அருளிய அறிவையும் பகுத்துண்போம்.