எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பாடங்கள்

நெய்யாற்றின் கரையில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அமரவிளை. ஒருபுறம் நெய்யாற்றின்கரை, மறுபுறம் பாறசாலை. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்து பாலராமபுரத்துத் தறிகளில் நெய்த என் தந்தையாரும் இப்பக்கமே தங்கிவிட்டார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என வளர்ந்தேன். தந்தையார் மணலில் விரல் பிடித்துக் கற்பித்த எழுத்துகளே எனக்கு வாய்த்த தமிழ்க் கல்வி.

அந்த எழுத்துகளை நம்பி, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்துகொண்டே, 2006ஆம் ஆண்டில் தமிழ் எம்.ஏ. பட்டத்துக்கு அஞ்சல்வழியில் பதிவு செய்தேன். வணிகவியல் இளங்கலை முன்னமே முடித்திருந்தேன்.

"மக்ளே, உத்தியோகம் கையில இருக்கு. இனி எதுக்கு பரீட்சை?" என்றார் அம்மா. பணிமனை நண்பர்களும் அதையே மலையாளத்தில் கேட்டனர். பதவி உயர்வுக்கு இப்பட்டம் உதவாது என்பதை நானும் அறிவேன். ஆனால் என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தாள். தன் பெயரையும் தமிழில் எழுத அறியாள். அம்மாவுக்கோ எழுத்தறிவு இல்லை. தந்தையார் மறைந்தபின் எங்கள் வீட்டில் தமிழ் படிக்க வல்லவன் நான் ஒருவனே. என்னோடு அதுவும் நின்றுவிடுமோ என்ற அச்சமே என்னைப் படிவத்தில் கையொப்பமிடச் செய்தது.

வேலையை விடாமல் பட்டம் பெறும் இவ்வழியை இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. தமிழ்நாட்டில் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அதனை மேற்கொண்டது. அஞ்சல்வழிக் கல்வி என்ற பெயர் மாறித் தொலைநிலைக் கல்வி ஆகிவிட்டது. எனக்கென்னவோ பழைய பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது. பாடக் கட்டினை அஞ்சற்காரர் கொண்டுவந்து தரும் நாளில் வீட்டுக்கு விருந்தினர் வந்தது போன்றதொரு மகிழ்ச்சி உண்டாகும்.

விடியற்காலை முதற்பேருந்தில் ஏறினால், இரவில் வேபில் எழுதிப் பணத்தை ஒப்படைத்த பின்பே வீடு. திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்தில் வண்டி நிற்கும் சிறிது நேரமே என் படிப்பறை. மனோன்மணீயத்தை அங்கேதான் படித்து முடித்தேன். ஆலப்புழையில் பிறந்து, அதே திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தபடி, 1891இல் அந்நாடகத்தை வெளியிட்டவர் சுந்தரம் பிள்ளை. சேர நாட்டில் ஊதியம் பெற்றுத் தமிழில் எழுதிய அவரை நம்மவருள் மூத்தவர் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை.

நன்னூல்தான் அச்சுறுத்தியது. அஞ்சல்வழிக் கல்வியின் பெருங்குறை ஆசிரியர் இன்மை அன்று. உடன் படிப்பார் இன்மையே. விளக்கம் தாளில் இருக்கும், "அது எப்படி?" என்று வாதிட ஒருவர் இரார். நாகர்கோவிலில் நடந்த நேர்முக வகுப்புகளில் அந்தச் சுகம் இரண்டொரு நாள் கிடைத்தது. செவிலியர் ஒருவரும் காவலர் ஒருவரும் தேநீர்க் கடையில் நின்று குற்றியலுகரத்துக்காகச் சண்டையிட்டதை மறவேன். பிறகு மீண்டும் தனிமை.

ஐகாரத்தை அடுத்த நகரம் ஞகரமாகவும் வரும் என்கிறது நன்னூல். ஐந்நூறு, ஐஞ்ஞூறு எனவும் ஆகும். இதைப் படித்த மறுநாள், பாறசாலையில் ஏறிய ஒருவர் பெரிய தாளை நீட்டி, "அஞ்ஞூறினு சில்லற உண்டோ?" என்றார். நடத்துநர் வெறுக்கும் கேள்வி அது. அன்று மட்டும் மகிழ்ச்சியோடு சில்லறை தேடினேன்.

அதன்பின் இரவில் பாடங்களை உரக்கப் படிக்கலானேன். 'ஞண்டு' என்ற பழஞ்சொல்லுக்கு 'நண்டு' என்று அடியில் பொருள் தந்திருந்தனர். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தார்: "ஞண்டுக்குப் போய் அர்த்தம் எழுதணுமா?" மலையாளப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளும் தலை நிமிர்ந்து, "ஞண்டு எனக்கும் தெரியுமே!" என்றாள். எழுத்தறியாத பாட்டிக்கும் தமிழ் படிக்காத பேத்திக்கும் தெரிந்த சொல்லுக்குத் தமிழ்நாட்டில் குறிப்புரை வேண்டியிருந்தது! அன்று முதல் அவள் என்னருகே அமர்ந்தாள். அச்சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொன்னாள். ஞகரத்தின் சுழியை எழுத நெடுநேரம் முயன்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு ஓராண்டு ஆயிற்று.

2009இல் இரண்டாம் வகுப்பில் தேறினேன். பிற மாநிலப் பட்டம் ஆதலின், இங்கே பயன்படுத்த இணைத்தகுதிச் சான்று வேண்டும் என்றனர். எனக்கு அது தேவைப்படவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை.

2013இல், மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இப்பக்கத்துத் தமிழர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் படிக்க விரும்பினால் எல்லை கடந்தே ஆகவேண்டியதாயிற்று. எங்களுக்கு அது ஒரு பேருந்துப் பயணம்தான். தொலைவில் வாழும் நம்மவர்க்கு அவ்வளவு எளிதன்று.

என் பாடக் கட்டுகளில் இலக்கணப் பகுதி இரண்டும் இப்போது என்னிடம் இல்லை. பாறசாலையில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எடுத்துச் சென்றிருக்கிறார். தேர்வு முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.