கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்கப் போவோமா?

நுவரெலியாவுக்கும் காலிமுகத்திடலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று அலுத்துவிட்டதா? அப்படியாயின் இம்முறை வாகனத்தை வடமேற்குப் பக்கம் திருப்புங்கள். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கரையில் சிறு படகொன்றில் ஏறிச் சென்றால், நூற்றுக்கணக்கான டொல்பின்கள் ஒரே கூட்டமாக நீந்தி வருவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம். மிருகக்காட்சிச்சாலையின் கம்பிகளுக்கு வெளியே நின்று பார்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம்.

காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இந்தக் கரைக்கு அமைதியான கடல். மே மாதமளவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சிறு படகுகள் வெளிக்கடலுக்குச் செல்வது ஆபத்து. நாம் சென்றது பெப்ரவரி மாதத்து வார இறுதியொன்றில். நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும், மனைவியின் தம்பியும், எழுபதைத் தாண்டிய என் உம்மாவும் ஒரு வேனில். உம்மா படகில் ஏறமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார். “கரையில இருந்து துஆ கேக்க ஒராள் வேணுந்தானே” என்பது அவரது நியாயம்.

கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் நீர்கொழும்பு, சிலாபம் வரை வழக்கமான நெரிசல்தான். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. முந்தலையும் மதுரங்குளியையும் கடந்து, புத்தளம் நகருக்குச் சற்று முன்னாலுள்ள பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். திரும்பிய பிறகு தேசமே மாறிவிடும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்த மணலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் பசுமையாகச் செழித்து நிற்பதைக் கண்டு மூத்த மகன் நம்ப மறுத்தான். கிணற்று நீரை இறைத்து இறைத்து ஊற்றி வளர்க்கும் பயிர் அது. நுரைச்சோலையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். 2011 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி இன்று 900 மெகாவாட் கொள்ளளவு கொண்டது அது. முகத்துக்கு நேரே காற்றாலைகளும் சுழல்கின்றன. நாட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற பாடத்தை இந்த வீதியிலேயே நடத்திவிடலாம்.

இன்னொரு பாடமும் இவ்வீதியில் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து தங்கியது இந்தப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில்தான். உடுத்த உடையோடு வந்தவர்களுக்கு ஓலைக் கொட்டில் போட இடம் கொடுத்தது இந்த மணல். அன்று முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். ஆலங்குடாவைக் கடக்கும்போது இதைச் சொன்னேன். வேனுக்குள் சிறிது நேரம் சத்தமில்லை.

அரபுக் கல்லூரியில் ஓதிய என் போன்றவர்களுக்குப் புத்தளம் என்றதும் நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா. 1344 ஆம் ஆண்டளவில் அவர் வந்திறங்கிய ‘பத்தாலா’ என்பது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்ததையும், கரையெல்லாம் கறுவாப் பட்டை மரங்கள் ஆற்றுவெள்ளத்தில் அடிபட்டுக் கிடந்ததையும் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். டொல்பின்களைக் கண்டதாக எழுதவில்லை. அவர் அன்று கவனித்தது முத்துக்களை!

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டையொன்று இருக்கிறது. களப்பின் வாயிலைக் காவல் செய்து, கண்டி அரசனின் கடல் வணிகத்தை முடக்குவதற்காகக் கட்டியது. கடற்படை முகாமுக்குள் இருப்பதால் அனுமதி கேட்டே பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் போய்விட்டால் ஞாயிறு காலை கடலுக்கு மிச்சம்.

அன்றிரவு தங்கிய வீட்டில் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, “வாப்பா, டொல்பின் சாப்பிடலாமா?” மௌலவி வீட்டுப் பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்? கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய மஸ்அலாவை விரித்தால் விடிந்துவிடும். டொல்பினைப் பிடிப்பதும் கொல்வதும் இந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்று சுருக்கமாக முடித்தேன். பிறகு, எகிப்தில் வாழ்ந்த இமாம் தமீரி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற தம் நூலில் இந்தப் பிராணியைப் பற்றி எழுதியதைச் சொன்னேன். நீரில் மூழ்குபவனுக்குத் தன் முதுகைக் கொடுத்துக் காப்பாற்றும் என்கிறார் அவர். சின்ன மகளுக்கு அது போதுமாக இருந்தது. “அப்ப லைப் ஜாக்கட் தேவல்ல” என்றாள். தேவைதான் என்று அவளுடைய உம்மா உடனே தீர்ப்பு வழங்கினார்.

இதை நீங்களும் கவனியுங்கள். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதல் நாள் மாலையே படகுக்காரரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குக் கட்டினால் தண்ணீரில் அது கழுத்துக்கு மேலே கழன்றுவிடும். முழங்கால் நனையத்தான் படகில் ஏற வேண்டியிருக்கும், எனவே பெண்களுக்கு மாற்றுடுப்பு அவசியம். வயிறு முட்ட உண்ணாமல் இலேசாக ஏதாவது சாப்பிட்டு ஏறுங்கள். தலை சுற்றினால் படகுக்குள் குனிந்து பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படகுக்காரரிடம் முதல் நாள் மாலை நான் பேசிய இன்னொரு விடயமும் உண்டு. இக்கடலில் பெரும்பாலும் காணப்படுபவை சுழல் டொல்பின்கள். ஏறத்தாழ ஆறேழு அடி நீளமானவை. ஆழ்கடலிலிருந்து இரவில் மேலெழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடுவதே இவற்றின் தொழில். அதாவது நாம் அவற்றைப் பார்க்கப் போகும் காலை நேரம், இராவேலை செய்தவன் வந்து சாயும் நேரம். மூச்சு விடுவதற்கு மேலே வர வேண்டியிருப்பதால் இவை நம்மைப் போல் அடித்துப்போட்டாற்போல உறங்குவதில்லை. மூளையின் ஒரு பாதி விழித்திருக்க மறுபாதி ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் நாலு பக்கத்தாலும் எஞ்சின்கள் துரத்தினால் என்னவாகும்? ஆகவே, “கூட்டத்துக்குக் குறுக்கே போக வேண்டாம், தூரத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்” என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஹஸரத், எல்லாரும் கிட்டப் போங்க, கிட்டப் போங்க எண்டுதான் சொல்ற. போகாட்டி, காசு குடுத்தும் ஒழுங்காப் பார்க்கல்ல எண்டு சண்டைக்கு வார” என்றார். 2012 ஆம் ஆண்டில் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் இதற்கென ஒழுங்குவிதிகளே வெளிவந்திருக்கின்றன. அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் நடுக்கடலில் அவருக்கு எசமான் படகில் ஏறியிருப்பவர்தான்.

சுபஹுத் தொழுகை முடிந்து, ஆறரை மணியளவில் புறப்பட்டோம். கடல் எண்ணெய் ஊற்றியதைப் போல் கிடந்தது. முக்கால் மணி நேரம் ஓடியிருப்போம், தூரத்தில் நீர் கொதிப்பது போலத் தெரிந்தது. அவைதான். ஆனால் எமக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு படகுகள் அங்கே நின்றன. நின்றன என்பது தவறு, ஓடின. ஒன்றையொன்று முந்தி, கூட்டம் போகும் திசைக்கு முன்னால் போய் மறித்து, மீண்டும் திரும்பி ஓடின. இளைஞர் சிலர் கூச்சலிட்டார்கள். எங்கள் படகுக்காரர் பேசியபடி நிறுத்திவிட்டார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “காசு குடுத்து வந்தது தூரத்தில நிண்டு பார்க்கவா மச்சான்?” என்றார். மூத்தவனும் மாமாவின் கட்சி.

பத்து நிமிடம் கூடக் கழிந்திராது. நீர் திடீரென வெறுமையாகியது. ஒன்றையும் காணோம். எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன. படகுகள் அங்குமிங்கும் தேடிவிட்டு, வேறு கூட்டம் பார்க்கத் தெற்கே பறந்தன. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

எஞ்சின் நின்ற கடல் எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். படகின் அடியில் தண்ணீர் தட்டும் ஓசை மட்டுமே. கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம். படகுக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டார். பிறகு, எங்கள் இடப்பக்கத்தில் ‘புஸ்’ என்றொரு சத்தம். யாரோ நீண்ட பெருமூச்சு விட்டதைப் போல. தொடர்ந்து இன்னொன்று, இன்னும் பத்து. படகைச் சுற்றி முதுகுகள் மெதுவாக உயர்ந்து தாழ்ந்தன. எந்த அவசரமும் இல்லை. ஒரு தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டியொன்று போனது. தாய் மூச்செடுக்கும்போது அதுவும் எடுத்தது. பத்து மாதத்துக்கு மேல் சுமந்து, ஒரு முறைக்கு ஒரே குட்டிதான் ஈனும், பாலூட்டி வளர்க்கும் என்று மனைவிக்குச் சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடற்காற்றாக இருக்கலாம்.

சற்று அப்பால் ஒன்று விர்ரென்று மேலெழுந்து பம்பரம் போலச் சுழன்று விழுந்தது. ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை சுழலக் கூடியவை இவை. ஏன் சுழல்கின்றன? ஒன்றுக்கொன்று செய்தி சொல்வதற்கு என்றும், உடலில் ஒட்டிய மீன்களை உதறுவதற்கு என்றும் அறிஞர்கள் பலவாறு சொல்கிறார்கள். சின்ன மகள் விரல் விட்டு எண்ணினாள். மச்சானின் கையில் கைத்தொலைபேசி இருந்தது, படம் பிடிக்க மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் படகுக்காரர் தானாகவே பேச்செடுத்தார். “நாங்க ஒராளுக்கொராள் சொன்னாக் கேக்கிறல்ல. ஏறுற ஆக்கள் சொன்னாத்தான் கேக்கிற. நீங்க ஊருக்குப் போனா நாலு பேரிட்டச் சொல்லுங்க ஹஸரத்” என்றார். அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவர்.

கரையில் உம்மா தஸ்பீஹோடு அமர்ந்திருந்தார். பாதைச் சிலவுக்கு வெங்காயக் கட்டுகள் இரண்டும் பேரம் பேசி வாங்கி வைத்திருந்தார். பாலாவி வரும்வரை பின் ஆசனத்தில் ஒரே சண்டை. சுழன்றது ஐந்து தடவை என்று மூத்தவன். ஆறு என்று சின்னவள்.