அரைச் சுவர்

கதை எழுதுகிறவனுக்கு வர்ணம் என்பது செலவில்லாத சமாசாரம். ‘இளம்பச்சை பூசிய கூடத்தில் அவள் நின்றிருந்தாள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கூடம் முழுவதும் ஒரே சீராக இளம்பச்சை ஆகிவிடும். ஒரு சுவர் ஒரு மாதிரியாகவும் மற்றது வேறு மாதிரியாகவும் இருக்கிறதே என்று எந்த வாசகரும் எனக்குக் கடிதம் போட்டதில்லை. இருபது வருஷ காலத்தில் இப்படி எத்தனையோ வீடுகளுக்கு வர்ணம் பூசியிருக்கிறேன். சொந்த வீட்டுக்குப் பூச நேர்ந்தபோதுதான் அந்தத் தொழிலில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது என்பது தெரியவந்தது.

எங்கள் வீடு வேங்கிக்காலில் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், டவுனை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. பிறகு கலெக்டர் அலுவலகம் இங்கே வந்தது. அதன் பின்னாலேயே கட்டடங்களும் கடைகளும் வந்தன. அப்பா வீடு கட்டியது அதற்கெல்லாம் முன்னால். கூடத்து ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான் கொத்தனாருக்கு அவர் போட்ட நிபந்தனை.

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் வர்ணப் பிரச்னையே கிடையாது. தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் சுண்ணாம்புக் கல் வாங்கி வந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் விடுவார். அது கொதித்துப் பொங்குவதைத் தூர நின்று பார்ப்போம். வடிகட்டிக் கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அவரே அடிப்பார். அடித்தவுடன் சுவர் அழுக்காக, ஈரச் சாக்குப் போல இருக்கும். ‘இவ்வளவுதானா’ என்று எனக்கு ஏமாற்றமாக இருக்கும். காயக் காய, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. சுவரும் வெளுத்துக்கொண்டே வருகிறது. கல்லூரியில் பாதியிலே விட்ட ரசாயனத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். மறுநாள் காலையில் கூடம் பளிச்சென்றிருக்கும். எந்த வருஷத்துச் சுண்ணாம்பும் எந்த வருஷத்துச் சுண்ணாம்போடும் சண்டை போட்டதில்லை.

போன வருஷம் தங்கை குடும்பத்தோடு தீபத்துக்கு வருவதாக எழுதியிருந்தாள். மாப்பிள்ளையின் பெற்றோரும் கூட வருகிறார்கள். “இந்தத் தடவையாவது நல்ல பெயிண்ட் அடிச்சா என்ன?” என்றாள் மனைவி. கடையில் கொடுத்த வர்ண அட்டையை வைத்துக்கொண்டு மூன்று நாள் விவாதித்து, வாழைக்குருத்து நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கடையில் ஒரு யந்திரம் இருக்கிறது. அட்டையிலுள்ள எண்ணைச் சொன்னால், வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விட்டுக் குலுக்கிக் கொடுத்துவிடுகிறது.

அம்மாவுக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கூடத்தையும் ரேழியையும் கண்ணாலேயே அளந்துவிட்டு, “பத்து லிட்டர் டின்னு ஒண்ணு, நாலு லிட்டர் ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கியாந்துடுங்க சார். பெரிய டிரம்முல ஒண்ணா ஊத்திக் கலக்கிட்டா கவலையில்ல” என்றார்.

நான் பெரிய கணக்குக்காரன். ‘பத்தே போதும், நாலு லிட்டர் இவர் கமிஷனுக்காகச் சொல்வது’ என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டு பத்து லிட்டர் மட்டும் வாங்கி வந்தேன். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மூன்று சுவர் முடிந்தது. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற நாலாவது சுவர்தான் பாக்கி. அப்பாவின் படம் மாட்டுகிற சுவர். டின்னில் அடிமண்டிதான் இருந்தது.

“இன்னிக்கு இத ஆரம்பிக்க வேணாம் சார். புது டின்னு வந்தப்புறம் மூலையிலேருந்து புடிச்சுக்கறேன்.”

“இருக்கிற வரைக்கும் அடியுங்க மேஸ்திரி. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றேன் நான். ஒரு பொழுதை வீணாக்குவானேன்?

பாதிச் சுவரோடு பெயிண்ட் தீர்ந்தது. மறுநாள் அதே கடையில், அதே எண்ணைச் சொல்லி, நாலு லிட்டர் வாங்கி வந்தேன். மிச்சப் பாதியை அடித்து முடித்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தோம். வித்தியாசம் தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மனைவி எழுப்பினாள். சுவரின் நடுவே மேலிருந்து கீழே தூக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. இந்தப் பக்கம் வாழைக்குருத்து. அந்தப் பக்கம் அதிலேயே ஒரு நீலச் சாயல். “பட்டு வேட்டிக்கு ஒட்டுப் போட்டாப்பல இருக்கு” என்றாள்.

பெயிண்டர் வந்தவுடன் பிடித்துக்கொண்டேன். தண்ணீரைக் கூடக் கலந்துவிட்டீர் என்றேன். அசிரத்தை என்றேன். “தண்ணி கூடினா மெலிசாத்தான் ஆவும் சார், நெறம் மாறாது” என்றார் அவர். அது எனக்கு எதிர்வாதமாகப் பட்டது. ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரஷ்களையும், எங்கள் வீட்டு வாளியையும் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

திண்ணையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “உங்கப்பா யார் கூலியையும் ராத்தங்க விட்டதில்லடா” என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல் உறுத்தியது. நம் பக்கம் நியாயம் இருக்கிறதென்று நிரூபித்துவிட வேண்டுமென்று, வர்ணங்களைப் பற்றித் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். அகப்பட்டவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி. பாரிஸில் கோபலின் என்ற பிரசித்தி பெற்ற நெசவுச்சாலை; சித்திரத் திரைகள் நெய்கிற இடம். 1824-இல் அங்கே சாயப் பகுதிக்கு அவரைத் தலைவராக நியமித்தார்கள். போனவுடன் ஒரு புகார்: ‘உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் சோகை பிடித்தாற்போல் இருக்கிறது.’ நானாக இருந்தால் சாயக்காரனின் கூலியைப் பிடித்திருப்பேன். ஷெவ்ரல் வெளியிலிருந்து கறுப்புக் கம்பளி நூல் தருவித்துத் தங்கள் நூலோடு வைத்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருக்கிற நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். அதையே விரிவாக ஆராய்ந்து 1839-இல் பெரிய புஸ்தகமாக எழுதினார்.

புஸ்தகத்தை மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போனேன். காலி டின் ஒன்றும் பாதி டின் ஒன்றும் அங்கே கிடந்தன. வர்ண எண் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு எண். தயாரித்த தொகுதியின் எண். அது இரண்டிலும் வேறு வேறு. யந்திரம் அதே சொட்டுக்களைத்தான் விட்டிருக்கிறது. அடியிலிருந்த வெள்ளை, வேறொரு நாள் வேறொரு கொப்பரையில் கலக்கிய வெள்ளை. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பூச்சு சூரிய வெளிச்சத்தில் பிரிந்துபோவதும் சகஜமாம். எல்லா டின்னையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கச் சொன்னாரே, அது இதற்காகத்தான். மூலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றதும் இதற்காகத்தான். கமிஷன் என் மனசில்தான் இருந்தது.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனேன். ஏணி மேல் நின்று ரோலர் உருட்டிக்கொண்டிருந்தார். “மேஸ்திரி” என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு, “இந்தச் செவுத்த முடிச்சிட்டு எறங்கறேன் சார். நடுவுல விட்டா கோடு விழும்” என்றார்.

அரை மணி நேரம் நின்றேன். அந்த அரை மணியில் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் உதிர்ந்து போயின. அவர் இறங்கி வந்ததும், “நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல. தப்பாப் பேசிட்டேன்” என்று சொல்லிக் கூலியை நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

“இன்னா சார் பண்றது? காசு போனது பெரிசில்ல. தண்ணி ஊத்திட்டேன்னு சொல்லிட்டீங்க, அதான்” என்றார்.

எனக்குப் பதில் அகப்படவில்லை.

மறுநாள் வந்தார். பாதி டின்னில் இருந்தது அந்த ஒரு சுவருக்குப் போதும் என்றார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடுவில் நிறுத்தாமல் அடித்தார். “இது காயக் காயக் கொஞ்சம் கருக்கும் சார், பயப்படாதீங்க” என்று முன்கூட்டியே சொன்னார். அப்பாவின் சுண்ணாம்புக்கு நேர் எதிர். காய்ந்தபின் பார்த்தேன். அந்தச் சுவர் பக்கத்துச் சுவர்களின் நிறம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒவ்வொரு சுவரிலும் வெளிச்சம் வேறு கோணத்தில் விழுகிறது. ஒரே டின்னில் அடித்தாலும் வேறாகத்தான் தெரியும். அந்த மறைவில் அது தப்பித்துக்கொண்டது. அன்றைய வேலைக்கு முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டதற்காக அவர் ஒன்றும் தள்ளுபடி செய்யவில்லை. அது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

தீபத்தன்று தங்கை வந்தாள். “கூடம் முழுக்க ஒரே நிறமா, கண்ணுக்குக் குளுமையா இருக்குண்ணா” என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். காலையில் நீலமாக இருந்த மலை, மத்தியானம் பழுப்பாகி, இப்போது செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. சூரியன் அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான். கூடத்தின் நாலு சுவரும் அந்த வெளிச்சத்தில் நாலு நிறமாக இருந்தன, யாரும் கவனிக்கவில்லை. ஆறு மணிக்கு 2,668 அடி உயரத்தில் தீபம் தெரிந்ததும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள்.

அடுத்த தீபத்துக்கு மாடி அறைக்கு வர்ணம் அடிக்க வேண்டும். எத்தனை டின் என்று மேஸ்திரியிடம் கேட்டாயிற்று. நாலு லிட்டரில் இரண்டு என்றார். இரண்டையும் ஒரே நாளில்தான் வாங்கப் போகிறேன்.