காயத்தின் எடை

கொற்கை முத்தின் பெருமையை அறியாத தமிழர் இல்லை. அம்முத்து சந்தைக்கு வருமுன் எவ்வாறு தரம் பிரிக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துகளை வணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் வரிசையாகச் சலித்தனர். முதற் சல்லடையில் 20 துளைகள். இறுதிச் சல்லடையில் 1000. சலித்து முடிந்ததும் மதிப்பீடு தொடங்கும். முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடிக் கணக்கில் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, முக்காற்பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பர். இவ்வாறு கிடைப்பது ‘செவு’ என்னும் அளவு. 4 மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்தின் செவு 12. ஒவ்வொன்றும் 1 மஞ்சாடி எடையுள்ள நான்கு முத்துகளுக்கோ, மொத்த எடை அதுவே ஆயினும், செவு 3 மட்டுமே. பெரியது ஒன்று சிறியவை பலவற்றினும் மேலானது என்னும் பட்டறிவை, எடையை வர்க்கப்படுத்துவதன் மூலம் அவ்வணிகர் கணக்காக்கி வைத்திருந்தனர்.

தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. 1974 ஜூலை 11இல் அவ்வூர்த் துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. இன்று கொள்கலன் ஏற்றிய லாரிகளும் உப்பு ஏற்றிய லாரிகளும் மதுரைச் சாலையிலும் நெல்லைச் சாலையிலும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றினூடே அளத்துக்கு வேலைக்குச் செல்வோரின் இருசக்கர வண்டிகளும் ஓடுகின்றன. பனையிலிருந்து தவறி விழுவோரும், சரக்கு சரிந்து அடிபடுவோரும் இக்கரைக்குப் புதியவர் அல்லர். இத்தகையோர் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, முத்து வணிகரின் கணக்கை ஒத்த ஒரு கணக்கு அவர்கள் காயங்களின்மேல் நிகழ்த்தப்படுகிறது.

இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. துறைமுகம் தரம் உயர்ந்த அதே 1974ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சூசன் பேக்கர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் எட்டு மருத்துவமனைகளுக்கு வந்த 2128 சாலை விபத்து நோயாளரை ஆராய்ந்தனர். ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை தரம் அளிக்கும் அளவுகோல் முன்னரே இருந்தது. கீறல் 1, உயிர் தப்ப இயலாதது 6. ஆனால் தரம் ஒன்று கூடும்போது இறப்பு ஒரு படி மட்டும் கூடவில்லை, தாவி ஏறியது. தரத்தை வர்க்கப்படுத்தியபோது கணக்கு உண்மையோடு பொருந்தி வந்தது. அவ்வாறு பிறந்ததே ‘காயத் தீவிர மதிப்பெண்’.

செய்முறை எளிது. உடல் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்படும்: தலையும் கழுத்தும், முகம், மார்பு, வயிறு, இடுப்பெலும்பு உள்ளிட்ட கை கால்கள், தோல். மிகுந்த காயமுற்ற மூன்று பகுதிகளில் இருந்து ஒவ்வொன்றிலும் மிகக் கடுமையான காயத்தின் தரத்தை எடுத்து, வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். மார்பில் 4, தொடை எலும்பில் 3, முகத்தில் 1 என்றால் 16, 9, 1 சேர்ந்து 26. மிகுதியாகக் கிடைக்கக்கூடியது 75. தரம் 6 பெற்ற காயம் ஒன்றேனும் இருப்பின், பிற எவ்வாறு இருப்பினும் 75 தான். 15ஐத் தாண்டினால் பெருங்காயம் என்பது வழக்கம்.

இக்கணக்கைப் போடுபவர் பெரும்பாலும் அறுவை அரங்கில் இருப்பதில்லை. பதிவேட்டுப் பணியாளர் ஒருவர், நோயாளி வீடு திரும்பிய பின்னரோ இறந்த பின்னரோ, குறிப்பேட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் முன்வைத்துக்கொண்டு கணினியில் நிரப்புகிறார். மருத்துவரின் அவசரக் கையெழுத்தைப் படிப்பதே அவரது முதற் கலை. தேர்ந்த பணியாளர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவுடனே சில பிழைகளைக் கண்டுவிடுவார். 7 என்றோ 15 என்றோ எழுதியிருந்தால் அது தவறு. எந்த மூன்று வர்க்கங்களைக் கூட்டினாலும் அவ்வெண்கள் வாரா. எண் கோட்பாட்டின் பழைய உண்மை ஒன்று மருத்துவமனை மேசையில் காவலாளியாக நிற்பது சுவையானதே.

ஆயினும் இக்கணக்குக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. பனையிலிருந்து விழுந்தவரின் இரு தொடை எலும்புகளும் முறிந்தன என்க. ஒவ்வொன்றும் தரம் 3. இரண்டும் ஒரே உடற்பகுதியைச் சேர்ந்தமையால் ஒன்றே கணக்கில் ஏறும், மதிப்பெண் 9. ஒரு காலை மட்டும் முறித்துக்கொண்டவருக்கும் அதே 9. இழந்த குருதியின் அளவு இருவருக்கும் ஒன்றன்று. இக்குறையை நீக்க 1997இல் ஆஸ்லர், பேக்கர், லாங் ஆகியோர் புதிய முறையை வகுத்தனர். அதன்படி பகுதியைப் பாராமல் மிகக் கடுமையான மூன்று காயங்கள் எடுக்கப்படும்; இரு கால் முறிந்தவருக்கு 18 கிடைக்கும்.

இறந்தோரின் காயங்களுக்கு எண் இடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். 59 பெற்றவர் இறந்தால் எவரும் வியப்பதில்லை. 10 பெற்றவர் இறந்தால் அக்குறிப்பேடு மீண்டும் திறக்கப்பட வேண்டும். அவர் எத்தனை மணிக்கு வந்தார், குருதி எப்போது ஏற்றப்பட்டது, எங்கே காத்திருந்தார் என்று கேட்க அந்த எண்ணே காரணம் ஆகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் காப்பாற்றியிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதை மொத்தத் தொகை சொல்லாது. 2008 முதல் ஓடும் 108 ஊர்தியும், முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்க 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும் எந்த அளவுக்கு உயிர் காத்தன என்பதற்கும் பதிவேடே சான்று தர வேண்டும். மும்பை, தில்லி, கொல்கத்தா நகரங்களின் நான்கு அரசு மருத்துவமனைகளில் 2013 முதல் 2015 வரை ஏறத்தாழ 16,000 நோயாளரைப் பதிவு செய்த ஆய்வும் இந்நோக்கில் எழுந்ததே. வழியிலேயே இறந்து நேரே பிணவறைக்குச் செல்வோர் இத்தகைய பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்த இழப்பையும் நினைவில் இருத்தியே எண்களைப் படிக்க வேண்டும்.

காயத்தின் தரத்தோடு உடலின் நிலையும் பதியப்படும்: குருதியழுத்தம், நினைவுநிலை, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பன. இவற்றுள் எளிதில் விடுபடுவது மூச்சு. அதற்குக் கருவி வேண்டுவதில்லை. கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். நெரிசல் மிகுந்த அவசரப் பிரிவில் அந்த ஒரு நிமிடமே கிடைப்பதில்லை. எனவே அக்கட்டம் வெறுமையாக விடப்படுகிறது. கணினி வெறுமையை ஏற்காதபோது யாரோ 0 என்று இட்டுவிடுகின்றனர். வெறுமை என்றால் எண்ணவில்லை என்று பொருள். 0 என்றால் மூச்சு நின்றது என்று பொருள். பேசிக்கொண்டே வந்து இறந்த ஒருவர், அந்த 0வால், வரும்போதே பிழைக்க வழியற்றவர் ஆகிவிடுகிறார். பிறகு அவருடைய குறிப்பேட்டை எவரும் திறவார்.

அத்தகைய 0 ஒன்றைக் கண்டால் நல்ல பதிவேட்டுப் பணியாளர் அதைக் கடந்து செல்வதில்லை. குறிப்பேட்டின் முதற்பக்கத்துக்குத் திரும்புகிறார். ‘தண்ணீர் கேட்டார்’ என்று செவிலியர் எழுதிய வரி அங்கே இருந்தால், 0வை அழித்து ‘எண்ணப்படவில்லை’ என்று திருத்திவிட்டு, அன்றிரவு பணியில் இருந்த செவிலியரைத் தேடி மாடிப்படி ஏறுகிறார்.